ஆசிட் அக்காவின் மரம்

அந்தத் தெருவில் ஒரு மரம் செத்தால் துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள். யார் கொன்றது என்று கேட்கத்தான் வருவார்கள். பேட்டரி கடை வாசலில் நின்ற கன்று மஞ்சளாகி, இலை உதிர்த்து, கடைசியில் விளக்குமாற்றுக் குச்சி போல ஆனபோது, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியம்கூட யாருக்கும் இருக்கவில்லை. கடைக்குள்ளே கேன் கேனாக ஆசிட் இருக்கிறது. கடையை நடத்துகிறவளின் பெயரே ஆசிட் அக்கா.

அந்தப் பெயர் தொழிலால் வந்ததா, வாயால் வந்ததா என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. தொழில் கட்சிக்கு ஆதாரம் அவளுடைய துணிமணி. வயிற்றுப் பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழாத உடை அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. வாய்க் கட்சிக்கு ஆதாரமே தேவையில்லை. கடைக்கு ஒரு தடவை போய்வந்தால் போதும். "பேட்டரி வாங்கின நாள்ல இருந்து தண்ணியே ஊத்தலயா? நீ பெத்த புள்ளைக்காவது சோறு போடுறியா?" என்று ஒரு வேன் ஓட்டுநரை அவர் மனைவி முன்னாலேயே கேட்டிருக்கிறாள். அந்த ஓட்டுநர் இன்னும் அதே கடைக்குத்தான் வருகிறார். திட்டுவாள், ஆனால் அவள் மாட்டிக் கொடுத்த பேட்டரி நடுவழியில் காலை வாராது.

கடை அவள் புருஷனுடையது. கல்யாணமான புதிதில் அவளுக்கும் கடைக்கும் இருந்த உறவு மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சரி. ஒரு நாள் லாரி பேட்டரியைத் தூக்கும்போது அவர் முதுகில் ஏதோ 'டக்' என்றது. இனிமேல் ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், அவள் எழுந்து நின்றாள். பெல்ட்டை மாட்டி பேட்டரியைத் தூக்கக் கற்றாள். பேட்டரி முனையில் பூத்துக்கிடக்கும் பச்சைப் பொடியை வெந்நீர் விட்டுக் கழுவக் கற்றாள். கடன் சொல்லும் வாடிக்கையாளரை மட்டும் யாரும் கற்றுத்தராமலே சமாளித்தாள். புருஷன் வாயில்லாப் பூச்சி. இரண்டு பேருக்கும் வேண்டிய வாயை ஆண்டவன் அவளிடமே மொத்தமாகக் கொடுத்துவிட்டான் என்பார் பக்கத்து டீக்கடைக்காரர்.

கடைக்கு மேலே மாடியில் குடியிருப்பவர்தான் கட்டடத்தின் சொந்தக்காரர். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் ஆடிட்டர். மதில் மேல் காக்கா உட்கார்ந்தாலும் யாரைக் கேட்டு உட்கார்ந்தது என்று விசாரிக்கிற மனிதர். அவள் கடைப் பொறுப்பை ஏற்றபோது, "பொம்பள நடத்துற பேட்டரி கடையா? அடுத்த மழைக்குள்ள மூடிடும்," என்றார். பல மழை வந்து போயிற்று. கடை மூடவில்லை. அவருக்கு மூக்குதான் அடைத்தது. ஆசிட் நெடி, சுத்தியல் சத்தம், வாசலில் எண்ணெய்க் கறை என்று தினம் ஒரு புகார்.

"ஏம்மா, வேற இடம் எதுவும் பாக்கலயா?" என்று வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"பாத்தேன் சார். உங்க மாடிதான் பிடிச்சிருக்கு. எப்ப காலி பண்றீங்க?"

வெளியேற்றவும் முடியவில்லை. தெருவுக்குக் கேடு செய்தால் ஒழிய அவளைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியவர் அவரேதான். இவள் எப்படியும் ஏதாவது கேடு செய்வாள் என்ற நம்பிக்கையில் எழுதியது. அவர் அதற்காகக் காத்திருந்தார்.

அப்போதுதான் மரம் வந்தது.

அந்தத் தெருவில் வியாபாரிகள் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் கீரியும் பாம்பும். வீட்டு வாசலில் வண்டி நிறுத்துகிறார்கள் என்று இவர்களும், கடை வாசலில் குப்பை கொட்டுகிறார்கள் என்று அவர்களும் எழுதிய புகார்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். இரண்டையும் சேர்த்துவைக்க ஒருவர் கிளம்பினார். அக்காவின் கொழுந்தன், அதாவது புருஷனின் தம்பி. எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வியாபாரிகள் சங்கச் செயலாளர். பிறக்கும்போதே கையில் மைக்கோடு பிறந்தவன் என்று அக்கா அவரைப் பற்றிச் சொல்வாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவள் அவள்.

அவருடைய திட்டம் இதுதான். மரத்துக்கு ஒரு கடை, ஒரு வீடு. கன்றைக் கடை வாங்கித்தர வேண்டும், தண்ணீரை வீடு ஊற்ற வேண்டும். தெருமுனையில் இருக்கும் வங்கிக் கிளை இரும்புக் கூண்டு கொடுக்கும். கூண்டில் ஒரு தகடு இருக்கும், மேலே கடையின் பெயர், கீழே வீட்டுக்காரரின் பெயர். எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்கு யார் ஜோடி என்று தீர்மானிக்கும்போதுதான் கொழுந்தனுக்குப் புத்தி குறுக்கே போயிற்று. கீழே அண்ணி, மேலே ஆடிட்டர், ஒரே கட்டடம், ஒரே மரம். சேர்ந்து வளர்த்தால் பகை தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். எண்ணெயையும் தண்ணீரையும் ஒரே பாட்டிலில் ஊற்றிக் குலுக்குகிற கணக்கு. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. "கேட்டா வேணாம்னுதானே சொல்வாங்க" என்பது அவர் கட்சி.

முதல் நாள் சாயங்காலம் குழிகளுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டார்கள். பேட்டரி கடைக்கு உண்டான குறி, கட்டடத்தின் ஓரத்தில், மாடிப்படிக் கதவை ஒட்டி, வெறும் மண் இருந்த இடத்தில் விழுந்தது. மறுநாள் காலையில் ஆட்கள் வந்தபோது ஆடிட்டர் கீழே இறங்கி நின்றார். "அங்க இல்லப்பா, இங்க," என்று கைத்தடியால் காட்டினார். அவர் காட்டிய இடம் கடை வாசலுக்கு நட்டநடு. வண்டிகள் மூக்கை நுழைத்து நிற்கும் இடம்.

அக்கா சாவியோடு வந்து சேர்ந்தபோது கன்று நட்டாகிவிட்டது. கூண்டு ஏறிவிட்டது. வங்கி மேலாளர் குழியின் மேல் வெள்ளைக் கூழாங்கற்களைத் தம் கையாலேயே பரப்பிக்கொண்டிருந்தார். படத்தில் அழகாக விழுமாம்.

"யாரு இங்க வெட்டச் சொன்னது?"

கொழுந்தன் மைக்கைக் கீழே இறக்கினார். "அண்ணி, போட்டோ எடுக்கிறாங்க. கொஞ்சம் சிரிங்க."

"வண்டி எப்படிடா தம்பி உள்ள வரும்? பறந்தா?"

"சுற்றுச்சூழல்மா," என்றார் ஆடிட்டர், படியில் நின்றபடி. "ரெண்டடி தள்ளி நிறுத்திட்டு நடந்து வரட்டும். உடம்புக்கு நல்லது."

"பேட்டரி செத்த வண்டி நடந்து வராது சார். நான்தான் தூக்கிட்டு வரணும். உங்களுக்கு மரமா வேணும்? என் வயித்துல அடிக்கிறதுக்கு ஒரு குச்சி வேணும். அதைக் கூண்டு போட்டு நட்டு வச்சிருக்கீங்க." பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி அந்த வாக்கியத்தைச் சொன்னாள். "இதுக்கு என் கையால ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டேன். காஞ்சு கருகிச் சாகட்டும்!"

அந்த நேரத்தில்தான் படம் எடுத்தவர் பொத்தானை அமுக்கினார். வங்கிச் சுவரில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. எல்லாரும் வாய் திறந்து சிரிக்கிறார்கள். அக்காவின் வாயும் திறந்துதான் இருக்கிறது.

"நுணலும் தன் வாயால் கெடும்," என்றார் ஆடிட்டர், யாரையும் பார்க்காமல்.

அடுத்து வந்த நாட்கள் மோசம். டாக்சிகள் வாசலில் ஒதுங்க இடமில்லாமல் அடுத்த தெருக் கடைக்குப் போயின. வந்த வண்டிகளுக்கோ, நடுரோட்டில் நிறுத்தி, பின்னால் ஹாரன் அடிப்பவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பேட்டரியை இறக்க வேண்டியிருந்தது. கூண்டைக் கடக்கும்போதெல்லாம் அக்கா அதை ஒரு உதை விடுவாள். வெயில் ஏறியது. கன்று தலையைத் தொங்கப்போட்டது. அவளுக்குச் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் பழைய வேன் ஓட்டுநர். கூண்டின் தகட்டைப் படித்தார், கன்றைப் பார்த்தார், சிரித்தார். "என்னக்கா, உங்க கடை பேர் போட்ட மரத்துக்கே சார்ஜ் இறங்கிடுச்சு?"

அக்கா தகட்டைத் திரும்பிப் பார்த்தாள். மேலே பெரிய எழுத்தில் அவள் கடைப் பெயர். அதற்கு மேலே வாடிச் சாய்ந்த ஒரு குச்சி. தெருவில் போகிற ஒவ்வொருவனும் இதைப் பார்த்துவிட்டுத்தானே உள்ளே வருகிறான்? தகட்டைக் கழற்றலாம் என்று திருப்புளியை எடுத்தாள். திருகாணி இல்லை, பற்றவைத்திருந்தார்கள்.

மறுநாள் விடியும்போதே கடைக்கு வந்தாள். தெருவின் இரண்டு முனையையும் பார்த்தாள். யாரும் இல்லை. ஒரு வெள்ளைக் கேனை எடுத்துக் கூண்டுக்குள் கவிழ்த்தாள். பேட்டரி கடையில் ஆசிட் தீர்ந்த கேனைத் தூக்கிப் போடுவதில்லை. கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே நீல மூடி. எது எது என்று கடைக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து தினமும் விடியலில் ஒரு கேன். அதைக் குழாயடியில் வைத்து நிரப்புவது புருஷனின் வேலை. அவர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"ஊத்துறதை விடிஞ்சதும் ஊத்தினா என்ன?"

"ஊத்த மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"அதான் ஊத்துறியே."

"வாயை மூடிக்கிட்டு கேனை நிரப்புங்க."

மாடிக்காரர் ஒரு சொட்டும் ஊற்றவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று மேலே நடந்துகொண்டிருந்தது. அவள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன பிறகு, தினமும் பொழுது சாயும் நேரத்தில், மாடி பால்கனியில் இருந்து ஒரு பச்சைக் குழாய் பாம்பு போலக் கீழே இறங்கும். ஆடிட்டர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்து முடிக்கும்வரை அது கன்றின் காலடியில் கொட்டிக்கொண்டே இருக்கும். மரத்தின் மேல் அவருக்குப் பாசம் என்று சொல்ல முடியாது. அது சீக்கிரம் பருக்க வேண்டும், கிளை விரித்துக் கடை வாசலை மொத்தமாக அடைக்க வேண்டும்.

இரண்டு பேர் ஊற்றியதையும் வெள்ளைக் கூழாங்கற்கள் மூடி மறைத்தன. அவற்றுக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. குறி போட்ட இடம் மண். ஆடிட்டர் தடியால் காட்டிய இடத்திலோ பழைய நடைபாதையின் காங்கிரீட் புதைந்து கிடந்தது. ஆட்கள் அதுவரை தோண்டி, அதன் மேலேயே நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆக, அது குழி இல்லை, தொட்டி. இலை மஞ்சளானது. வாடுகிறதே என்று இவள் இன்னொரு கேன் கவிழ்த்தாள். வாடுகிறதே என்று அவர் இன்னும் இரண்டு பக்கம் பேப்பர் படித்தார்.

கன்று செத்தது.

ஆடிட்டர் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே வாசலில் ஒரு கேமரா உண்டு, அது எதிர்வரிசையைப் பார்த்தபடி இருக்கும். "உங்க அண்ணி என்ன பண்ணாங்கன்னு கொஞ்சம் பாருங்களேன்," என்றார். கொழுந்தன் முந்தின நாள் விடியற்காலையை ஓட்டிப் பார்த்தார். அண்ணி வருகிறாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். நீல மூடி வைத்த வெள்ளைக் கேனைத் திறந்து மரத்தில் ஊற்றுகிறாள். அவர் சாலையைக் கடந்து போய் அண்ணியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டார்.

காலையிலேயே வாசல் நிறைந்துவிட்டது. இரண்டு சங்கமும் வந்திருந்தன, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக. வங்கி மேலாளர் புதிய கன்றோடு வந்து நின்றார். ஆடிட்டர் கையில் ஒப்பந்தம். கொழுந்தன் கைப்பேசியில் அந்தக் காட்சியை ஓடவிட்டு ஒவ்வொருவருக்கும் காட்டினார். பார்த்தவர்கள் எல்லாரும் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இது பொதுச்சொத்து," என்றார் ஆடிட்டர். "தெருவுக்குக் கேடு. இதுக்கு மேல என்ன வேணும்? இந்த மாசத்தோட கடை காலி."

"பச்சை மரத்துல ஆசிட் ஊத்துறவ நாளைக்கு மனுஷன் மேல ஊத்த மாட்டாளா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"அண்ணி," என்றார் கொழுந்தன், கூட்டத்துக்கு உண்டான குரலில், "நீங்க ஏதாவது சொல்றதா இருந்தா சொல்லுங்க."

அந்தத் தெரு முதல்முறையாக அவள் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்தது. சொல்வதற்கு இருந்தது ஒரே வார்த்தைதான், தண்ணீர். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? காஞ்சு கருகட்டும் என்று கத்தியவள் திருட்டுத்தனமாக வந்து தண்ணீர் ஊற்றினாள் என்றால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் கடை போகும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டையே பார்த்தாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. புருஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அது தண்ணி," என்றார். "நான்தான் பிடிச்சு வைப்பேன். தினமும் ஊத்துறா."

 கூட்டம் சிரித்தது.

"பொண்டாட்டிக்குச் சாட்சி புருஷனா?" என்றார் ஆடிட்டர். "ஆசிட் கேன்ல தண்ணி. நாங்க நம்பணும். சரி, அந்தப் பிணத்தைப் பிடுங்குங்கப்பா. புதுசை நடணும்."

கொழுந்தனே கடப்பாரையை வாங்கினார். கூண்டைச் சாய்த்தார்கள். கூழாங்கற்களை வழித்துத் தள்ளினார்கள். கன்றைப் பிடித்து இழுத்ததும், ஊறப்போட்டு மறந்த துணி மாதிரி நாற்றம் அடித்தது. வேர் கருத்துக் கூழாகி இருந்தது. குழியில் தண்ணீர் தளும்பியது. வங்கி மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்தத் தண்ணீருக்குள் இருந்து ஒரு தவளை எம்பிக் குதித்து அவர் பளபளக்கும் ஷூவின் மேல் உட்கார்ந்தது.

அவர் போட்ட கூச்சலில் தவளையும் ஒரு தடவை கத்தியது.

முதலில் வாய் திறந்தவர் டீக்கடைக்காரர். "ஏன் சார், முந்தாநாள் விடியற்காலையில தானே அக்கா ஆசிட் ஊத்தினது?"

"ஆமா. வீடியோவுல இருக்கே."

"அப்ப இவர் எப்படி உயிரோட இருக்காரு?"

எல்லாரும் தவளையைப் பார்த்தார்கள். அது தொண்டையை உப்பிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"அது... இன்னைக்கு வந்திருக்கும்," என்றார் ஆடிட்டர்.

"ஆசிட் குழிக்குள்ளயா? குளிக்கவா?"

"அது இருக்கட்டும்," என்றார் இன்னொருவர். "ஒரு கேன் ஊத்தினா இவ்வளவு தண்ணியா நிக்கும்? அந்த வீடியோவைச் சாயங்காலம் வரைக்கும் ஓட்டுப்பா."

கொழுந்தன் ஓட்டினார். வெயில் வேகமாக நகர்ந்தது, வண்டிகள் எறும்பு போல ஓடின, அக்கா ஷட்டரை இறக்கினாள். பிறகு திரையின் மேல் ஓரத்தில் இருந்து பச்சைக் குழாய் இறங்கியது. இறங்கியது இறங்கியபடியே இருந்தது. அதற்கும் முந்தின நாளை ஓட்டினார்கள். அன்றும் விடியலில் கேன், மாலையில் குழாய்.

"நான் பராமரிப்பாளர்!" என்றார் ஆடிட்டர். "ஊத்தாம என்ன பண்றது?"

"செடிக்கு ஊத்துனீங்களா, இல்ல குளம் வெட்டுனீங்களா?" என்றார் டீக்கடைக்காரர். "காலையில அக்கா, சாயங்காலம் சார். பகையில ஆளாளுக்கு ஊத்திக் குளிப்பாட்டியே கொன்னிருக்கீங்க."

இந்தத் தடவை சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அப்போதுதான் அக்காவுக்கு வாய் திரும்பி வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆடிட்டர் முன்னால் போய் நின்றாள்.

"தவளை தன் வாயால கெடும்னு சொன்னீங்கள்ல சார்? நல்லாப் பாத்துக்கோங்க. அது கெடல. தடியால இடம் காட்டினவர்தான் கெட்டிருக்காரு." கடப்பாரையை வாங்கிக் குழிக்குள் குத்தினாள், 'ணங்' என்று கேட்டது. "கீழ காங்கிரீட். நீங்க காட்டின இடம். குறி போட்ட இடத்துல வச்சிருந்தா நாம ரெண்டு பேரும் ஆத்தையே திருப்பி விட்டிருந்தாலும் அது பொழச்சிருக்கும்."

ஆடிட்டர் ஒப்பந்தத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் நின்று, "நெடி மட்டும் இன்னும் இருக்கு," என்றார்.

"மூக்கு இருக்கிறவரைக்கும் இருக்கும் சார்."

கொழுந்தன் அருகில் வந்தார். மைக் இல்லாத குரல். "அண்ணி, கேமராவுல பாத்தப்ப எனக்கு வேற மாதிரி..."

"எதிர்க்கடைதான செகரெட்டரி? ரோட்டைத் தாண்டினா என் கடை. தாண்டி வந்து கேட்டிருக்கலாம்."

அதற்கு முன் அவள் அவரைத் தம்பி என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குப் பின் செகரெட்டரிதான். வீட்டு விசேஷங்களில்கூட, "செகரெட்டரிக்குச் சாப்பாடு போடுங்க," என்று சொல்வாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

புதுக் கன்று சுண்ணாம்புக் குறி போட்ட பழைய இடத்துக்கே போயிற்று, மாடிப்படிக் கதவை ஒட்டி. தண்ணீர் ஊற்றும் வேலையை இரு சங்கங்களும் சேர்ந்து டீக்கடைக்காரரிடம் கொடுத்தன. அக்காவும் ஆடிட்டரும் மரத்தின் பக்கம் தண்ணீரோடு போகக் கூடாது என்று தீர்மானம். தகட்டில் பெயர்கள் மட்டும் மாறவில்லை. மேலே அவள் கடை, கீழே ஆடிட்டர்.

தீர்மானத்தை அவர்கள் மீறவில்லை. மற்றவர் மீறுகிறாரா என்று பார்ப்பதிலேயே பொழுது போனது. பால்கனியில் குழாய் தொங்கினால் அக்கா கீழே இருந்து கத்துவாள். அவள் கையில் வெள்ளைக் கேனைக் கண்டால் மேலே இருந்து இருமல் வரும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் வந்தபோது ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுக் கொழுந்தன் மூலம் கொடுத்தனுப்பினார். தெருவுக்குக் கேடு என்கிற வரி அதில் அப்படியே இருந்தது. அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், அவருக்கும் பொழுது போகணும்ல," என்றாள்.

மரம் வளர்ந்தது. ஒரு கிளை மாடிப்படிக் கதவை உரசுகிறது. ஆடிட்டர் குனிந்துதான் வெளியே வர வேண்டும், வரும்போதெல்லாம் முனகுவார். இன்னொரு கிளை கடை வாசலில் நிழல் போடுகிறது. அந்த நிழலில் ஒரு டாக்சி வந்து நின்றது. இறங்கிய ஓட்டுநர் அண்ணாந்து பார்த்து, "நல்ல மரம்க்கா. யாரு வளத்தது?" என்றார்.

அக்கா மேலே பால்கனியைப் பார்த்தாள். அங்கே பேப்பருக்குப் பின்னால் ஒரு தலை தெரிந்தது.

"வண்டிய முன்னால எடு," என்றாள். "காக்கா எச்சம் போடும். பானெட்டத் தெற."